மூணாவது ரேங்க்தான் எனக்கு வேணும்!

கார் வாங்கியவரைவிட வாங்காதவருக்குத்தான் கார் பற்றி அதிகம் தெரியும். சந்தேகமிருந்தால் எங்கள் அரும்பாவூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'கார் வாங்கலாம்னு இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் ஏழு கார் சிபாரிசாகும். சிபாரிசு செய்த ஏழு பேரும் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்!

வண்டி பற்றிப் பேச எங்கள் ஊருக்கு உரிமை இல்லாமலும் இல்லை. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற இந்த ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. 2020-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டோம். எங்கள் ஊர்ச் சிற்பிகள் செய்த கோயில் தேர்கள் பல ஊர்களில் வீதி சுற்றுகின்றன. மைலேஜ் கேட்க ஆளில்லாத வண்டி. பிரேக்குக்கு முட்டுக்கட்டை. அதற்கு ரேங்க் போட இதுவரை எந்த விமர்சகரும் வரவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது தேர் இல்லை. கொஞ்சம் வேகமாகப் போகிற செடான். அதாவது பின்னால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் நாலு கதவு கார். அம்மா, மனைவி, பையன் மூவரும் சௌகரியமாக உட்கார வேண்டும். அவர்கள் இறங்கிய பிறகு அது வேறு காராக மாற வேண்டும்! இப்படிப்பட்ட இரட்டை வேஷக்காரருக்குப் பெயர்தான் 'ஸ்போர்ட்ஸ் செடான்'. எல்லோரும் ஜீப் மாதிரி உயரமான வண்டிக்கு ஓடுகிற காலத்தில் இந்த ஆசை கொஞ்சம் பழசுதான். ஆனால் ஆசை, சார்!

தொழில் என்று பார்த்தால் நான் பி.காம். ரெண்டு ரைஸ் மில்லுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, மிச்ச நேரத்தில் இப்படிக் கட்டுரை. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. சீட்டுப் பணமும் சேமிப்பும் போக வங்கியில் 10 லட்சம் கடன் வாங்க வேண்டும். 9 சதவிகித வட்டி, 7 வருஷம் என்று போட்டால் மாசம் 16,089 ரூபாய். மொத்தம் 84 தவணை. வட்டி மட்டும் மூன்றரை லட்சம் ரூபாய்! சும்மா பெஞ்ச் பேச்சில் முடிவெடுக்கிற விஷயமில்லை என்பது இந்த ஒரு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

மனைவியின் தம்பி சென்னையில், கிண்டிப் பக்கம் ஓர் ஆபீஸில் இருக்கிறான். கார் விமர்சனம் ஒன்று விடாமல் படிப்பான், பார்ப்பான். அவனிடம் சொன்ன அன்று ராத்திரியே பட்டியல் வந்துவிட்டது.

"மாமா, யோசிக்கவே வேணாம். வெர்னா டர்போ இல்லன்னா விர்ட்டஸ் ஜி.டி. இந்த ரெண்டுக்கு நடுவுலதான் போட்டியே. சிட்டி மூணாவது. எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க."

எண்களைப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம். 2023-ல் வந்த வெர்னா டர்போவுக்கு 160 குதிரைத்திறன். 2022-ல் வந்த விர்ட்டஸ் 1.5-க்கு 150. ஹோண்டா சிட்டியின் 2020 மாடலுக்கு 121. இழுவிசையில் வித்தியாசம் இன்னும் மோசம். முதல் இரண்டுக்கும் 250 நியூட்டன் மீட்டர் சுமார். சிட்டிக்கு 145. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றால் சிட்டி ஜஸ்ட் பாஸ்.

போதாக்குறைக்கு உள்ளூர்ப் பாசம் வேறு! வெர்னா நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற கார். சிட்டி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. நம் ஆள்களின் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதா என்று மனசாட்சி ஒரு பக்கம் குத்தியது. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது இந்த மனசாட்சிக்கு நிறைய தீனி கிடைக்கும். செங்கல்பட்டு தாண்டுவதற்கு முன்பின்னாக மஹிந்திரா சிட்டி. 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ. கார்களை அங்கே பூட்டுகிறார்கள். 2021-ல் அங்கே பூட்டத் தொடங்கிய எம் 340 ஐ என்கிற செடானுக்கு 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகம் தொட 4.4 விநாடி. நான் சீட் பெல்ட் மாட்டவே அதைவிட அதிக நேரமாகும். அதற்கு அப்பால் மறைமலை நகர். 1999-ல் அங்கிருந்துதான் ஃபோர்டு ஐகான் வந்தது. 1.6 லிட்டர் ஐகானை ஓட்டிய ஆசாமிகள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவார்கள். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது வேறு கதை.

ஆக, எல்லாக் கணக்கும் ஒரு பக்கம். என் மனசு மட்டும் மூணாவது ரேங்க்கின் பக்கம்.

மனசு அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி கடைசி வருஷம் திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் பகுதி நேர வேலை பார்த்தேன். அவரிடம் 2000-ல் வந்த சிட்டி வி-டெக் இருந்தது. 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆடிட்டர் மகா சாது. கணக்கில் ஒரு பைசா தவறினால்கூட ராத்திரி தூங்காதவர். ஆனால் க்ளையன்ட் வேலை முடிந்து பாடாலூர் தாண்டியதும் மூணாவது கியரில் போட்டு மிதிப்பார். முள் 4,000 தாண்டும். 5,000 தாண்டும். சத்தம் மாறும். பக்கத்து சீட்டில் வவுச்சர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பரவசமாக இருப்பேன். பிறகு ஆடிட்டர் ஒன்றுமே நடக்காதது போல, "அந்த டிப்ரிஸியேஷன் ஷெட்யூல் எடுத்து வெச்சியாப்பா?" என்பார்.

இரண்டு வகை இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வார்த்தை. டர்போவில், வெளியே போகிற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றுகிறது. அந்த விசிறி வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் என்றால் பெட்ரோலும் அதிகம் எரியும், இழுப்பும் அதிகம். அதனால்தான் வெர்னாவும் விர்ட்டஸும் 1,500, 1,600 சுற்றிலேயே முழு இழுவிசையையும் கொட்டிவிடுகின்றன. தவில் மாதிரி. முதல் அடியிலேயே மண்டபம் அதிரும். டர்போ இல்லாத சிட்டி தானாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. இழுவிசையின் உச்சம் 4,300 சுற்றில். குதிரைத்திறன் உச்சம் 6,600-ல். இது நாகஸ்வர ஆலாபனை. கீழிருந்து படிப்படியாக ஏறித்தான் ஆக வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

சரி, இருபது வயசில் பிடித்தது முப்பத்தாறு வயசிலும் பிடிக்குமா? இதைச் சோதிக்க ஷோரூம் டெஸ்ட் டிரைவ் உதவவில்லை. அது பெண் பார்க்கப் போவது மாதிரி. பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் உண்டு, பேச மட்டும் முடியாது. ஒரு ஷோரூமில் மூன்று கிலோ மீட்டர் ஓட்ட விட்டார்கள். அதிலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "சார், டிராஃபிக்... செகண்ட் கியர்லயே போங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு.

தெய்வாதீனமாகப் பெரம்பலூரில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தும்போது பார்க்கிறேன்... வெர்னா டர்போ, விர்ட்டஸ் ஜி.டி., சிட்டி மூன்றும் மணப்பந்தலுக்குப் பக்கத்திலேயே வரிசையாக! ஒன்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையது. ஒன்று துறையூர் இன்ஜினீயர் ஒருவருடையது. மூன்றாவது சின்ன வெங்காய வியாபாரி ஒருவருடையது. மூவரையும் சொந்தம் கொண்டாடிச் சாவி வாங்கியதில் என் மனைவியின் பங்கு பெரிது. "முகூர்த்தத்துக்குள்ள வந்துடுங்க, மாப்ளே" என்று மட்டும் சித்தப்பா எச்சரித்தார். அவர் பயம் முகூர்த்தத்துக்கா, காருக்கா என்று தெரியவில்லை.

ஆத்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்பினேன். ஒரே ரோடு, ஒரே டிரைவர், மூன்று கார். எந்த ரோடு? நீங்கள் வீடியோவில் பார்க்கிற ரோடு இல்லை. மக்காச்சோள அறுவடை நேரம். பாதி ரோட்டில் சோளம் காய்கிறது. அதற்குக் காவலாகக் கல் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஆடு. ஆட்டுக்குப் பின்னால் டிராக்டர். டிராக்டருக்குப் பின்னால் நான்.

டர்போ கார்கள் இரண்டிலும் டிராக்டரை முந்துவது ஒரு வேலையே இல்லை. கியர் மாற்ற வேண்டாம். கால் அசைந்தால் போதும், டிராக்டர் கண்ணாடியில் சின்னதாகிவிடும். அபார சக்தி, அதில் சந்தேகமே இல்லை. சிட்டியில் அப்படி நடக்காது. நாலிலிருந்து மூணுக்கு இறக்க வேண்டும். மிதிக்க வேண்டும். முள் 4,000 தாண்டும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்... ஆடிட்டர் காரில் கேட்ட அதே சத்தம் இல்லை, ஆனால் அந்தக் குடும்பத்துச் சத்தம்தான். கையில் கியர், காதில் இன்ஜின், காலில் கணக்கு. முந்தி முடித்தபோது 'நான்' முந்தினேன் என்று இருந்தது. கார் முந்தியது என்று இல்லை.

திரும்பி வந்ததும் தாலி கட்டு. சாப்பாட்டுப் பந்தியில் இலை போடுவதற்குள் மச்சானுக்கு போன் போட்டேன்.

"மாப்ளே, சிட்டிதான்."

"மாமா! ஊர் உலகமே ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்களே! அதுல ஓவர்டேக் பண்ணணும்னா கியரைக் குறைக்கணும்னு எல்லாரும் குறையா எழுதியிருக்காங்க."

எனக்கு அங்கேதான் பல்ப் எரிந்தது. அவர்கள் 'குறை' என்று எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் நான் அந்தக் காரில் தேடியதே! விமர்சகர் பொய் சொல்லவில்லை. மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார். கவனித்ததை 'கழித்தல்' பத்தியில் எழுதினார். நான் அதே வரியைக் 'கூட்டல்' பத்திக்கு மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

அன்றிலிருந்து விமர்சனம் படிக்கும் முறையை மாற்றிவிட்டேன். ரேங்க்கைப் பார்ப்பதில்லை. குறைகளை மட்டும் படிப்பது. 'சஸ்பென்ஷன் கொஞ்சம் கடினம்' என்று குறை சொன்னால் அவருக்கு மெத்தை பிடிக்கும் என்று அர்த்தம். 'ஸ்டியரிங் மிக லேசு' என்றால் அவர் கை கனத்தை விரும்புகிறது. ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் சொல்கிற 'நன்று', 'நன்றன்று' எல்லாவற்றையும் நம் பாஷையில் பெயர்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் என்பது என்ன? பி.காம். படித்தவனுக்கு இது ரெண்டாம் வருஷப் பாடம். எடையிட்ட சராசரி. 'அ' காருக்கு வேகத்தில் 9 மார்க், சுகத்தில் 6. 'ஆ' காருக்கு வேகத்தில் 7, சுகத்தில் 8. விமர்சகர் வேகத்துக்கு 60, சுகத்துக்கு 40 சதவிகிதம் என்று வைத்தால் 'அ' 7.8, 'ஆ' 7.4. 'அ' முதல் ரேங்க். என் அம்மா எடை போட்டால் சுகத்துக்கு 60, வேகத்துக்கு 40. இப்போது 'ஆ' 7.6, 'அ' 7.2. ஒரு மார்க்கைக்கூடத் திருத்தவில்லை சார், ரேங்க் தலைகீழ்! மார்க் விமர்சகருடையது. எடை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. மாசம் 16,089 கட்டுகிறவன் கேட்கலாம் இல்லையா?

விமர்சகர்களும் ரசிகர்களும் ஒரு பக்கமும் வாங்குகிறவர்கள் மறு பக்கமுமாக நின்றது இது முதல் தடவையும் இல்லை. ஆடிட்டரின் வி-டெக் காருக்கு வாரிசாக 2003-ல் புது சிட்டி வந்தது. 106 குதிரைக்குப் பதில் 77! நாலு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக், எல்லாம் மைலேஜுக்காக. வேகப் பிரியர்கள் ஒப்பாரி வைத்தார்கள். குடும்பஸ்தர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது இடமும் மைலேஜும். கிடைத்தது. அதற்கு நேர்மாறான கதை ஃபியட் லீனியா டி-ஜெட். 2010-ல் வந்த 1.4 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்த எழுத்தாளர்கள் ஸ்டியரிங்கைப் புகழ்ந்து தள்ளினார்கள். விற்பனையோ சொற்பம். பின்னால் ஃபியட் கார்களே இந்தியாவில் நின்றுபோயின. கைதட்டியவர் அடுத்த காருக்குப் போய்விட்டார். ஸ்பேர் பார்ட்ஸ் தேடுகிறவர் வாங்கியவர்.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் விமர்சனமே வேண்டாம், மனசு சொல்வதே மந்திரம்' என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு சிற்பி அண்ணன் இருக்கிறார். வாகை மரத்தில் பிள்ளையார் செய்வார். வரிசையாகப் பத்துப் பிள்ளையார் வைத்திருப்பார். எல்லாம் ஒரே அளவு. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளத்தைத் தாளம் என்று வைத்து, உடம்பு அதற்கு எத்தனை மடங்கு என்று கணக்கு உண்டு. நவதாளம், தசதாளம் என்றெல்லாம் சொல்வார்கள். ஒருவர் வந்து பத்தையும் பார்த்துவிட்டு, "இதுல எது அண்ணே பெஸ்ட்டு?" என்று கேட்டார். அண்ணன் உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அளவு தப்பா இருந்தா சொல்லு தம்பி, மாத்தித் தரேன். மூஞ்சி புடிக்கலைன்னா அடுத்ததை எடு. அதுக்கு எதுக்கு என்னைக் கேக்குற?"

காரிலும் அளவு என்று சில சமாசாரம் இருக்கிறது. பிரேக் எத்தனை மீட்டரில் நிறுத்துகிறது, மோதினால் உள்ளே இருப்பவர் கதி என்ன, இதிலெல்லாம் 'என் டேஸ்ட்' என்று பேசக்கூடாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் விர்ட்டஸும் வெர்னாவும் 2023-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கின. சிட்டிக்கு ஆசியான் என்கேப் 2020-ல் ஐந்து கொடுத்தது. ஆனால் அது தென்கிழக்காசியச் சந்தைக்கான கார். நம் ஊர்க் கார் அச்சு அசலாக அதுவே என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இடத்தில் மச்சான் என்னைவிட பலமாக நின்றான் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ரெண்டு ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் ஆறு ஏர்பேக் உள்ள வேரியன்ட்தான், அதற்குக் குறைந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். சன் ரூஃப், பாட்டுப் பெட்டி பற்றிக் கேட்கவே இல்லை. அதோடு பின் சீட்டில் அம்மா உள்பட எல்லோரும் பெல்ட் போட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம். அம்மா முதல் நாள், "என்னடா, கட்டிப் போடுற?" என்றார். இப்போது பழகிவிட்டது.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். காரை எடுக்கும் முன் டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 32, 33 இருக்க வேண்டிய இடத்தில் 40 அடித்திருந்தால் அதே கார் கட்டை வண்டி மாதிரி குதிக்கும். 'சஸ்பென்ஷன் சரியில்லை' என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம்! பெரம்பலூர்க்காரர்களுக்கு டயர் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையே இருக்கிறது. இருந்தும் பெட்ரோல் பங்க்கில் காற்றுக்கு வரிசையில் நிற்க நமக்குப் பொறுமை இல்லை.

விமர்சகர் ரெண்டு நாள் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாம் ஏழு வருஷம் கட்ட வேண்டும். ஆகவே பிடித்த காரை நம் ரோட்டில், நம் ஆள்களை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது உத்தமம். நான் முன்பணம் கட்டும் முன் வெங்காய வியாபாரியிடம் இன்னொரு தடவை சாவி வாங்கினேன். இந்தத் தடவை அம்மா பின் சீட்டில். முழங்கால் வலிக்காரர். தாழ்வான காரில் ஏறி இறங்குவது பெரிய பரீட்சை. முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். நாலு தடவை பழகியதும் சரியாகிவிட்டது. ஸ்பீடு பிரேக்கர்களில் அடி தட்டுகிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நாலு பேர் பாரத்தோடு மெதுவாகக் கடந்தால் தட்டவில்லை. இது தட்டியிருந்தால் ஆலாபனையாவது ஒன்றாவது, பட்டியலில் வேறு பெயரைப் பார்த்திருப்பேன்.

போன வருஷம் டெலிவரி எடுத்தோம். டி.என். 46 நம்பர். மச்சான் தீபாவளிக்கு வந்தவன், சாவியை வாங்கிக்கொண்டு தழுதாழைப் பக்கம் போனான். முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்து சாவியைக் கொடுத்தான்.

"எப்படிடா இருக்கு?"

"மூணாவது ரேங்க்தான் மாமா." கொஞ்சம் நின்று, "நாளைக்குக் காலைல பால் வாங்க நானே போறேன், சாவியை மாடத்துலயே வெச்சிருங்க" என்றான். பால்காரர் வீடு நாலு வீடு தள்ளி இருக்கிறது.

84 தவணையில் இதுவரை ஆறு கட்டியாயிற்று. ஏழாவது இந்த மாசம் 7-ம் தேதி. இந்தக் கட்டுரைக்கான சன்மானம் அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. ஆசிரியர் கவனிப்பாராக!